எட்டாய் மடித்த தாள்

காபித்தூள் வந்த தகர டப்பா.
மூடியை ஆக்சா பிளேடால் கீறியவன் தீர்த்தகிரி.
கூடவே விரலையும் கீறிக்கொண்டு
"முதல் கேள்வி விழுந்தாச்சு" என்று
ரத்தம் சொட்டிய துளையைக் காட்டிச் சிரித்தான்.
ஜெசிந்தா முறைத்தாள்.
அவளுக்குச் சிரிப்பு வர நாளாகும்.

மூவருக்கும் பத்தொன்பது, இருபது.
பத்தாம் வகுப்பில் அந்தப் பாடம் வந்த அன்று
எங்கள் சாருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.
வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்றார்.
வீட்டில் யாரிடம்,
மிளகுக் கொடியிடமா?

எங்களுக்கு இரண்டு தமிழ்தான் வாய்த்திருந்தது.
ஒன்று, படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்வது.
மற்றது, ஏற்காடு பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில் கரியால் எழுதியது.
நடுவில்
ஒரு பதினான்கு வயது வாய் திறந்து கேட்க
ஒரு சொல் கிடையாது.
காபிக் களத்தில் பிள்ளைகள் கூடிய
முதல் மூன்று சனிக்கிழமைகளும்
சொல் தேடியே போயின.

"வீட்டுக்குத் தூரம்னு சொல்லலாங்க்கா"
என்றது பின்வரிசை.
அது வேண்டாம், என்றாள் ஜெசிந்தா,
வீடு பக்கந்தான், ஆஸ்பத்திரிதான் நமக்குத் தூரம்.
சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

டப்பாவில் நாள்காட்டித் தாள், பிஸ்கட் உறை,
கையெழுத்து தெரியாமலிருக்க
இடதுகையால் எழுதிய கோணல் கேள்விகள்.
'தூக்கத்தில் போய்விடுகிறது. ஆயுசு குறையுமா?
ராத்திரி டிவியில் பேசும் வைத்தியர்
மாசம் ஒருநாள் சேலம் லாட்ஜுக்கு வருகிறாராம்.
போகணுமா?'
தீர்த்தகிரி எழுந்து நின்று சொன்னான்:
எனக்கும் போனது. எல்லாருக்கும் போகும்.
ஆயுசு குறையாது,
லாட்ஜுக்குப் போனால் பணம் குறையும்.
பையன்கள் பக்கம்
யாரோ நெடுநாள் பிடித்துவைத்த மூச்சை விட்டார்கள்.

'பதினேழு முடியலை. தையில் வச்சிட்டாங்க. எந்த நம்பர்?'
ஒன்று, பூஜ்யம், ஒன்பது, எட்டு.
பலகை கொள்ளாமல் பெரிதாக எழுதினோம்.
எழுதும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஒரு தாள் மட்டும் மாதம் தவறாமல் வந்தது,
எட்டாய் மடித்து.
பிரித்தால் ஒன்றுமில்லை.
விளையாட்டு, என்றான் தீர்த்தகிரி.
மடிப்பில் நகம் வைத்து அழுத்தியிருந்தது.
விளையாடுகிறவர்கள் அப்படி அழுத்த மாட்டார்கள்.
மூன்றாம் முறை வந்தபோது
வெள்ளைத்தாளைத் தூக்கிப் பிடித்து
இதற்கும் பதில் இருக்கிறது என்றேன்.
என்ன பதிலென்று எனக்கே தெரியாது.
வாய்க்கு வந்ததைச் சொன்னேன்:
புதன்கிழமை வனரோஜா சிஸ்டர் இருப்பாங்க.
கதவைச் சாத்திட்டுத்தான் பேசுவாங்க.
தனியாப் போகப் பயமா இருந்தா
நான் கூட வருவேன்.

பிறகு பிள்ளைகளைக் கெடுக்கிறோம் என்று மனு போனது.
மேஸ்திரி களத்தைப் பூட்டினார்.
டப்பாவைச் சில்வர் ஓக் மரத்தில் கட்டினோம்.
மூடுபனியில் கேள்விகள் நமத்து
ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.
பாதி படிக்க முடியவில்லை.
படிக்க முடியாதவற்றுக்கு
இன்றுவரை பதில் சொல்லவில்லை நாங்கள்.

ஐப்பசியில் ஒரு புதன். பஸ்ஸில் நல்ல கூட்டம்.
மஞ்சக்குட்டையில் ஏறியவள்
இலவச டிக்கெட்டை வாங்கிக்கொண்டு
என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.
ஜன்னலைப் பார்த்தே கேட்டாள்:
"ஆஸ்பத்திரிகிட்ட நிக்குமாக்கா?"

நிக்கும்.

ஒரு வளைவு. பனி. இன்னொரு வளைவு.
அவள் விரல்கள் டிக்கெட்டை
இரண்டாக்கின, நான்காக்கின, எட்டாக்கின.
அதற்குமேல் மடியவில்லை அந்தத் துண்டு.
நகம் வைத்து அழுத்தினாள்.

நான் எதுவும் கேட்கவில்லை.
நான் இறங்கவேண்டிய இடம்
எப்போதோ போயிருந்தது.